ஹாலில் மீன்தொட்டி, ஸ்டோர் ரூமில் ரெஃப்யூஜியம்: நடுவில் குழாய் வேலை

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நைட்ரேட் ஒரு தீராத தொல்லை. நாம் போடும் தீனி கழிவாகி அம்மோனியாவாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கி, அதோடு நிறுத்திக்கொள்கின்றன. அதற்குமேல் அதை எடுத்துப்போகத் தொட்டிக்குள் ஆள் கிடையாது. தண்ணீர் மாற்றலாம்தான், ஆனால் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, செயற்கை உப்பு கலந்து, வாராவாரம் ஊற்றிக்கொண்டே இருப்பதற்குச் செலவும் அதிகம், வேலையும் அதிகம். இன்னொரு வழி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டு வளரும் கடற்பாசியை ஒரு தனித் தொட்டியில் வளர்த்து, வளர வளர அறுத்து எடுப்பது. அந்தத் தனித் தொட்டிதான் ரெஃப்யூஜியம். பாசிக்கு நடுவே கோபிபாட், ஆம்ஃபிபாட் போன்ற குட்டி ஓட்டுயிரிகள் மீன் வாயில் அகப்படாமல் பெருகும். அவற்றில் கொஞ்சம் தண்ணீரோடு வந்து மீன்களுக்கு இரையாகும்.

எங்கள் வீடு பெரம்பூரில், முதல் மாடி. ஹாலில் இருப்பது நான்கடித் தொட்டி: 120 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு டாம்சல், ஒரு ராஸ், கொஞ்சம் நத்தைகள். பாறை எல்லாம் செராமிக். கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. கடலிலிருந்து எடுத்த பவளப் பாறையை யாராவது மலிவாகத் தருகிறேன் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தொட்டிக்குக் கீழே கேபினெட்டுக்குள் சம்ப், அதாவது மேலே வழியும் தண்ணீர் வந்து சேரும் கீழ்த்தொட்டி, இருக்கிறது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும், தண்ணீரை மீன்தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் பம்பும் போக அதில் கை நுழைக்கத்தான் இடம். தொட்டியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம். அங்கே ஒரு மூலையை வீட்டில் விட்டுக்கொடுத்தார்கள். ஆக, தொட்டி ஓர் அறையில், பாசி இன்னோர் அறையில், நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்.

திட்டத்தைத் தாளில் வரைந்து காட்டியபோது அம்மா கேட்டார்: "கரண்ட் போச்சுன்னா இந்தத் தண்ணியெல்லாம் எங்கப்பா போய் நிக்கும்?" இந்த வேலை முழுவதையும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நான் வடிவமைத்தேன். பம்ப் ஓடும்போது எந்த அமைப்பும் நன்றாகத்தான் இருக்கும். பம்ப் நின்ற அடுத்த நிமிடம் தண்ணீர் தன் மட்டத்தைத் தேடிப் போகும். குழாய் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே போகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை மின்சாரத்தை நிறுத்தும் ஊரில், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அது நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் குழாய் போட வேண்டும்.

ரெஃப்யூஜியத்தை மீன்தொட்டியைவிடத் தாழ்வாக வைத்தால், தண்ணீர் தானாக இறங்கும், பம்ப் போட்டுத் திருப்பி ஏற்ற வேண்டும். உயரமாக வைத்தால், பம்ப் போட்டு ஏற்ற வேண்டும், தானாக இறங்கும். நான் எடுத்தது இரண்டாவது: சம்பிலிருந்து இன்னொரு பம்ப் ரெஃப்யூஜியத்துக்கு ஏற்றும், அங்கிருந்து ஹால் தொட்டிக்குத் தானாக இறங்கும். கோபிபாடுகள் பம்பின் சுழலியில் அடிபடாமல் மீன்தொட்டிக்குப் போய்ச் சேரும் என்று இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். அது உண்மைதான் என்றாலும் பெரிய காரணமாக எனக்குப் படவில்லை. பம்புக்குள் புகுந்தும் நிறையப் பிழைத்துவிடுகின்றன. எனக்கு முக்கியம் வேறு. உயரத்தில் இருந்தால், மின்சாரம் நின்றதும் ரெஃப்யூஜியத்தில் தண்ணீர் வருவது நின்று, ஓவர்ஃப்ளோ விளிம்பு வரை வடிந்து, அதோடு முடிந்துவிடும். தாழ்வாக இருந்தால் மீன்தொட்டியில் வடிய வேண்டியது அத்தனையும் அதன் தலையில் வந்து இறங்கும்.

எவ்வளவு உயரம் என்பதை ஊகத்தில் விட முடியாது. நடுவில் சுவர் இருக்கிறது, இரண்டு அறையின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல்தான் இதற்குச் சரியான கருவி. பத்து மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூபில் கொஞ்சம் நீலம் கலந்த தண்ணீரைக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஒரு முனையை ஹால் தொட்டியின் நீர்மட்டத்துக்கு நேராகத் தம்பி பிடித்துக்கொள்ள, மறுமுனையைக் கதவு வழியாக ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். குமிழி ஒன்று இருந்தாலும் மட்டம் ஏமாற்றும். அதனால் டியூபை ஒரு தடவை முழுக்கக் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும். ஸ்டோர் ரூம் தரை ஹாலைவிட ஒன்றரை செ.மீ. உயரமாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஹால் தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து 115 செ.மீ. ரெஃப்யூஜியத்தின் நீர்மட்டத்தை அந்தக் கோட்டிலிருந்து 25 செ.மீ. மேலே வைத்தேன். சுவரைத் தாண்டிக் குழாய்க்கு வாட்டம் (சரிவு) கொடுக்கவும், இரண்டு எல்போ திரும்பவும் இந்த 25 தாராளமாகப் போதும்.

ரெஃப்யூஜியம் 90 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரம், எட்டு மி.மீ. கண்ணாடி. தண்ணீர் 30 செ.மீ. நிற்கும், அதாவது 120 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் 180 கிலோவுக்குக் குறையாது. குடியிருப்புத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில்தான் ஐ.எஸ். 875 விதியில் பளு வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் அறை நடுவில் வைக்காமல், கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி வைக்கலாமா என்று ஒரு கட்டடப் பொறியாளரை வீட்டுக்கு அழைத்துக் காட்டிவிட்டுத்தான் ஸ்டாண்டுக்குச் சொன்னேன். பரண் மேலே வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பழைய பாத்திரமும் பெட்டியும் தாங்கப் போட்ட பலகைத் தளம் அது. தொட்டியை அங்கே ஏற்றவே கூடாது. ஸ்டாண்ட் ஸ்கொயர் டியூபில் வெல்டிங் செய்தது. ரெட் ஆக்ஸைடு பிரைமர், அதன் மேல் எபாக்ஸி பெயின்ட் இரண்டு பூச்சு. உப்புத் தண்ணீர் பட்டால் இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று மெரினா பக்கம் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது அம்மா கேட்ட கேள்விக்குக் கணக்கு. பம்ப் ஓடும்போது ரெஃப்யூஜியத்தில் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேல் ஒன்றரை செ.மீ. தண்ணீர் நிற்கும். 90 × 45 × 1.5, ஏறக்குறைய 6 லிட்டர். ஹால் தொட்டியில் விளிம்புக்கு மேல் 2 செ.மீ.; 120 × 45 × 2, அது 11 லிட்டர். குழாய்களில் நிற்பது ஒரு 3 லிட்டர். மொத்தம் 20 லிட்டர், மின்சாரம் போனதும் சம்புக்கு வந்து சேரும். சம்ப் 75 × 40 செ.மீ. பரப்பு. 20 லிட்டருக்கு மட்டம் 7 செ.மீ. ஏறும். சம்பின் உயரம் 40. ஓடும்போது 25 செ.மீ. மட்டத்தில் வைத்தால் 15 செ.மீ. காலியாக இருக்கும். தேவைக்கு இரண்டு மடங்கு இடம். இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்னால் ஒரு எல்போகூட வாங்க வேண்டாம்.

கண்ணாடியில் ஓட்டைகளைத் தொட்டி செய்பவரிடமே போடச் சொல்லிவிட்டேன். கொளத்தூரில் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஓட்டையில் மாட்டிக் குழாயைத் தொட்டியோடு இணைக்கும் டேங்க் நிப்பிளை முதலில் வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, அளந்து ஓட்டை போடச் சொல்ல வேண்டும். நிப்பிளின் மரைப்பகுதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஓட்டைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவே குறைந்தது ஓட்டையின் விட்டம் அளவு இடைவெளி வேண்டும். டஃப்பன் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியாக இருந்தால் ஓட்டையே போட முடியாது, பொடிப்பொடியாகிவிடும்.

குழாய் வாங்குவது தனிக் கதை. பாரிமுனையில் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வெள்ளையாக, சாம்பலாகக் கிடப்பதெல்லாம் ஒரே இனம் இல்லை. ஐ.எஸ். 4985 குழாய்கள் மில்லிமீட்டரில், வெளிவிட்டக் கணக்கு: 25, 32, 40, 50. கடைக்காரர் அதையே முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச், ஒன்னே கால், ஒன்றரை என்று சொல்வார். வீட்டு பிளம்பிங்குக்கு வரும் ஏ.எஸ்.டி.எம். குழாய்களும் முக்கால் இஞ்ச், ஒன்னே கால் இஞ்ச்தான். ஆனால் முக்காலின் வெளிவிட்டம் 26.7 மி.மீ., ஒன்னே காலின் வெளிவிட்டம் 42.2 மி.மீ. சூடான தண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி. முக்கால் இஞ்சோ 22.2 தான். 40 மி.மீ. குழாயை 42.2 கப்ளிங்கில் செருகிப் பசை தடவினால் கொஞ்ச நேரம் பிடித்த மாதிரி இருக்கும், அப்புறம் சொட்டும். ஆகவே குழாய், எல்போ, டீ (T வடிவ இணைப்பு), யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), வால்வு, நிப்பிள் எல்லாவற்றையும் ஒரே இனத்தில், ஒரே கடையில், அங்கேயே ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பார்த்து வாங்குங்கள். பசை இல்லாமல் செருகினால் குழாய் ஃபிட்டிங்கின் குழிக்குள் பாதிக்குமேல் போய் இறுக வேண்டும். தொளதொளவென்று அடி வரை போனால் அது வேறு இனம்.

இன்னொன்று, பித்தளை. நம் ஊர் ஃபிட்டிங்குகளில் மரை உள்ள இடத்தில் பித்தளை வைத்து வருவது சகஜம். பால் வால்வு சிலவற்றில் உள்ளே இருக்கும் உருண்டையும் முலாம் பூசிய பித்தளை. வீட்டுக் குழாய்க்கு அது நல்லதுதான். கடல்நீர்த் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். பித்தளையில் இருப்பது செம்பு. நத்தை, இறால், கோபிபாட் எதுவும் செம்பைத் தாங்காது. வால்வைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, முழுக்கப் பிளாஸ்டிக் என்று தெரிந்த பிறகுதான் வாங்கினேன்.

சுவரில் ஒரே ஓட்டை. கோர் கட்டிங் ஆட்களை அழைத்து ஐந்து அங்குலத் துளை போட்டு, அதற்குள் 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர்க்) குழாய்த் துண்டை உறையாகச் செருகி, சுற்றிலும் சிமென்ட் பூசியாயிற்று. உறையே ஸ்டோர் ரூம் பக்கம் கொஞ்சம் உயரம், ஹால் பக்கம் தாழ்வு. அதற்குள் மூன்று குழாய்கள்: ஏற்றும் குழாய் 25 மி.மீ., இறங்கும் குழாய் 40 மி.மீ., அவசர வடிகால் இன்னொரு 40 மி.மீ. துளை போடும் முன் ஸ்விட்ச் போர்டிலிருந்து மேலே போகும் ஒயர் பாதையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பீமிலும் லின்டலிலும் கை வைக்கக் கூடாது. உறைக்குள் குழாய் நுழையும், கப்ளிங் நுழையாது. எனவே முதலில் நீளக் குழாய்களை நுழைத்துவிட்டு, இணைப்புகளை இருபுறமும் பிறகு ஒட்ட வேண்டும்.

வேலைக்கு வந்த பிளம்பர் அண்ணா அனுபவசாலி. மூன்று குழாய்களையும் பார்த்துவிட்டு, "தம்பி, வர்றது முக்கா இஞ்ச் ஒன்னுதானே? போறதுக்கு ஒரு ஒன்னே கால் தாராளம். இன்னொன்னு எதுக்குப்பா வீணா?" என்றார்.

"ரெண்டாவதுல தண்ணியே வரக் கூடாதுண்ணா. வந்தா முதல் குழாய் அடைச்சிருக்குன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மொட்டை மாடித் தொட்டிக்கு வழிகுழாய் போடுவதும் இதே கணக்குதான் என்று சொல்லி, அதற்கான டீயைத் தானே தேடி எடுத்து வைத்தார். அதன் பிறகு எனக்கு விளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

இறங்கும் குழாயில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, வாட்டம். மீட்டருக்கு இரண்டு செ.மீ. கொடுத்தோம். நடுவில் எங்கேயும் குழாய் மேலேறி இறங்கக் கூடாது. அப்படி ஒரு மேடு இருந்தால் அதில் காற்று போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை மறிக்கும். இரண்டாவது, ரெஃப்யூஜியத்துக்குள் இருக்கும் முதல் எல்போ. அதை வாய் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தேன், அதன் விளிம்புதான் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது. வாயைக் கீழ்நோக்கித் தண்ணீருக்குள் வைத்தால் சத்தம் குறையும். ஆனால் பம்ப் நின்றதும் அதுவே சைஃபனாகி, எல்போ வாய் வரை ரெஃப்யூஜியத்தைக் காலி செய்துவிடும். பத்து செ.மீ. ஆழத்தில் வாய் இருந்தால் 40 லிட்டர். மேலே போட்ட கணக்கு அத்தனையும் பாழ். மேல்நோக்கிய வாயில் பாசி போகாமல் இருக்கப் பிளாஸ்டிக் வலையை உருட்டிச் செருகியிருக்கிறேன். அவசர வடிகாலின் வாய் இதைவிட மூன்று செ.மீ. உயரம், அதில் வலையும் கிடையாது, வால்வும் கிடையாது. இறங்கும் குழாய்கள் எதிலுமே வால்வு இல்லை, கழற்றிக் கழுவ யூனியன் மட்டும். ஓட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஏற்றும் குழாயில்தான்.

ஏற்றும் குழாயின் முனை ரெஃப்யூஜியத்தின் நீர்மட்டத்துக்கு மூன்று செ.மீ. மேலேயே முடிகிறது. தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் பம்ப் நின்றதும் அது பின்னோக்கி உறிஞ்சும். இதைத் தடுக்க, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வு போடலாம் என்பார்கள். கடல்நீரில் அதன் கதவில் உப்பும் சின்னச் சின்னக் குழாய்ப் புழுக்களும் படிந்து, மூட வேண்டிய நாளில் மூடாது. குழாயில் குட்டி ஓட்டை போட்டுக் காற்று வாங்க விடலாம் என்பார்கள். அதைப் பாசி அடைக்கும். முனை தண்ணீருக்கு வெளியே இருந்தால் அடைக்கவோ சிக்கிக்கொள்ளவோ எதுவும் இல்லை. தெறிக்காமல் இருக்க முனையில் ஓர் எல்போ வைத்துக் கண்ணாடியை ஒட்டி வழிய விட்டேன்.

ஒட்டுவதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. நேராக அறுத்து, பிசிறைக் கத்தியால் சீவி, துடைத்து, பசை தடவி, கால் சுற்றுச் சுற்றிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒட்டும் முன் எல்லாவற்றையும் பசையில்லாமல் செருகி, ஒவ்வோர் இணைப்பிலும் குறுக்கே மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் எல்போ எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற குழப்பம் வராது. டேங்க் நிப்பிளை மட்டும் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரியும். ரப்பர் வாஷர் தொட்டியின் உள்பக்கம், நிப்பிளின் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வர வேண்டும். ஒரு முழு நாள் காய விட்டோம். அப்புறம் நல்ல தண்ணீரை ஒரு நாள் ஓடவிட்டு, பசை வாடை போகும் வரை கொட்டினோம்.

அந்த நல்ல தண்ணீரிலேயே சோதனையும் நடந்தது. ஹால் தொட்டியில் மீன்கள் இருப்பதால் அந்தப் பக்கக் குழாய் முனையை ஒரு பெரிய டப்பில் விட்டிருந்தேன். ஒவ்வோர் இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் தெரிந்துவிடும். ஓட்டத்தின் அளவை பக்கெட் வைத்துப் பார்த்தேன். பம்ப் பெட்டியில் மணிக்கு 2000 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அது தண்ணீரை உயரே ஏற்ற வேண்டியே இல்லாதபோது. 1.2 மீட்டர் ஏற்றி, வால்வைக் கொஞ்சம் மூடிய பிறகு 10 லிட்டர் பக்கெட் நிறைய 70 விநாடி ஆயிற்று. மணிக்கு 500 லிட்டர் சொச்சம், ரெஃப்யூஜியத்தின் தண்ணீர் மணிக்கு நான்கு தடவை மாறும். பாசிக்கு இது போதும்.

முதலில் ஓடவிட்டபோது இறங்கும் குழாய் களக் களக் என்று சத்தம் போட்டது. தண்ணீரோடு காற்றும் சேர்ந்து போவதால் வரும் சத்தம். ஹால் பக்கம் குழாய் கீழே திரும்பும் இடத்தில் எல்போவுக்குப் பதில் டீ வைத்து, அதன் மேல்வாயை எண்ட் கேப்பால் மூடி, கேப்பில் மூன்று மி.மீ. ஓட்டை போட்டிருந்தோம். ஓட்டையை ஐந்தாக்கியதும் காற்று அந்த வழியில் பிரிந்து, சத்தம் அடங்கியது. குழாய் முனை ஹால் தொட்டியின் நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே இருக்கிறது. அவசர வடிகாலின் முனையை வேண்டுமென்றே மேலே தூக்கி வைத்தேன். அதில் தண்ணீர் வந்தால் ஹாலில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் சளசளவென்று கேட்கும்.

இரண்டு வடிகாலும் ஒன்றாக அடைத்துக்கொண்டால்? அதற்கும் தண்ணீரின் அளவை வைத்தே வழி செய்தேன். ஏற்றும் பம்பைச் சம்பின் அடியில் வைக்காமல் ஓர் அக்ரிலிக் மேடையில் உயர்த்தி வைத்திருக்கிறேன். சம்பின் அந்தத் தடுப்புக்குள் பம்ப் வாய்க்கு மேல் நிற்பது 8 லிட்டர்தான். அது தீர்ந்தால் பம்ப் காற்றை உறிஞ்சி, தன் பாதுகாப்பில் நின்றுவிடும். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டும் ஆட்டோ டாப்-அப் கேன் 20 லிட்டர். மட்டம் குறைகிறது என்று நினைத்து அது முழுவதையும் ஊற்றினாலும் ரெஃப்யூஜியத்துக்குப் போவது 28 லிட்டர். விளிம்புக்கு மேல் கண்ணாடி 10 செ.மீ. இருக்கிறது, அதாவது 40 லிட்டருக்கு இடம். தரையில் ஒரு சொட்டு விழாது. கேனைப் பெரிதாக்கலாமே என்று ஆசை வரும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்கிறேன்.

மீன்தொட்டியோடு இணைத்த பிறகு, மெயின் ஸ்விட்சை அணைத்து நிஜமாகவே பார்த்தோம். சம்ப் மட்டம் ஆறரை செ.மீ. ஏறி நின்றது. அந்த இடத்திலிருந்து திரும்பக் கணக்குப் போட்டு, சம்பின் வெளிக் கண்ணாடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு: ஓடும்போது தண்ணீர் இதற்கு மேல் இருக்கக் கூடாது. மின்சாரம் திரும்பும்போது இரண்டு பம்பும் ஒரே நேரத்தில் இழுத்தால் சம்ப் வறளும். எனவே ஏற்றும் பம்பு மட்டும் ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கும்படி ரிச்சி தெருவில் ஒரு டிலே டைமர் வாங்கிப் போட்டேன். எல்லா மின் இணைப்பும், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக, ஒயர்கள் பிளக்கிற்கு வரும் முன் கீழே தொய்ந்து மேலேறுகின்றன, ஒயர் வழியே வழியும் தண்ணீர் தொய்வில் சொட்டிவிடும்.

புதுத் தொட்டிக்கு ஹால் தொட்டியின் தண்ணீரை எடுக்கவில்லை. தனியாக ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து, ஒப்படர்த்தி 1.025 வந்த பிறகு ஊற்றினேன். பாசி, சீட்டோ என்று எல்லோரும் சொல்லும் கீட்டோமார்ஃபா. எங்கேயும் வேர் ஊன்றாமல், சிக்கலான பச்சை நைலான் நூல்கண்டு போல மிதந்து வளரும். தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒரு கைப்பிடி கொடுத்தார். ராமநாதபுரம் பக்கம் கஞ்சி காய்ச்சும் கஞ்சிப்பாசியும், அதாவது கிராசிலேரியாவும், நன்றாகவே வளரும் என்றாலும் கடலில் போய் அள்ளிவர நினைக்காதீர்கள். மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வளர்க்கிறவர்களிடம் கேட்டு வாங்குவதுதான் முறை. காலெர்பா வகைப் பாசிகளை நான் தவிர்த்தேன்; அவை திடீரென்று இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, உள்ளே சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே இரவில் தண்ணீரில் கொட்டிவிட்டு வெளுத்துப் போகும்.

விளக்கு ஹாலுக்கு நேர் எதிர் நேரத்தில் எரிகிறது: இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை. இரவில் தொட்டியில் எல்லா உயிரும் கரியமில வாயுவை விடும், பி.ஹெச். இறங்கும். ஏ.சி. போட்டு ஜன்னலை மூடிய ஹாலில் இன்னும் இறங்கும். அந்த நேரத்தில் பாசி அந்த வாயுவை எடுத்துக்கொள்கிறது. விடிகாலையில் 7.8 காட்டிக்கொண்டிருந்த பி.ஹெச். இப்போது எட்டுக்குக் கீழே போவதில்லை. நைட்ரேட் 40 பி.பி.எம்.-லிருந்து மெதுவாக இறங்கிப் பத்துக்கு வந்திருக்கிறது. பூஜ்யத்துக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. உணவு தீர்ந்தால் பாசி வெளுத்து, அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

வெயில் காலத்துக்கு ஒரு சிறிய மின்விசிறியை ரெஃப்யூஜியத்தின் மேல் வைத்திருக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 400 லிட்டரின் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி குறையும். கத்திரி வெயிலில், காற்று கொஞ்சம் வறண்ட மதியங்களில் இது நன்றாக வேலை செய்கிறது. சாயங்காலம் கடற்காற்று ஈரத்தோடு வந்தால் பலன் பாதிதான். அதனால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியைக் கைவிடவில்லை.

ஸ்டோர் ரூமில் ரெஃப்யூஜியம் வைப்பவர்கள் மறக்கக் கூடாதது கரப்பான் ஸ்பிரே. ஸ்டோர் ரூம் என்றாலே அங்கே அதை அடிப்பது வீட்டுப் பழக்கம். கொசு லிக்விட், கரப்பான் ஸ்பிரே இரண்டிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதருக்குப் பெரிதாக எதுவும் செய்யாத அளவே மீனையும், அதைவிட வேகமாகக் கோபிபாடையும் கொன்றுவிடும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி, கதவில் எழுதி ஒட்டி, கரப்பானுக்கு ஜெல் மருந்துக்கு மாறிவிட்டோம். சுவர் உறையின் இரண்டு வாயிலும் ஸ்பான்ஜ் அடைத்திருக்கிறது, பல்லியும் எறும்பும் அந்த வழியில் வராது.

இரவு விளக்கு எரியத் தொடங்குவதற்கு முன் டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் தாவித் தாவி ஓடுகின்றன. பாசியைத் தூக்கினால் வளைந்த முதுகோடு ஆம்ஃபிபாடுகள் உதிர்கின்றன. ஒரு மான்டரின் மீன் வாங்க வேண்டும் என்பதுதான் இவ்வளவுக்கும் பின்னால் இருந்த ஆசை. அது பகல் முழுக்கப் பாறையைக் கொத்திக் கோபிபாட் தின்றே வாழும். இவை போதாத தொட்டியில் விட்டால் கடையில் வாங்கும் தீனியைத் தொடாமல் மெலிந்து சாகும். இப்போதைக்கு ராஸ் மீனே வருவதில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. ஹால் தொட்டியின் கண்ணாடியிலும் இரவில் புள்ளிகள் தங்க ஆரம்பிக்கும் வரை மான்டரின் வாங்கப் போவதில்லை. அதுவரை மாதம் ஒரு முறை பாசியில் பாதியை அறுத்து, வலையைக் கழுவி, யூனியனைக் கழற்றிக் குழாயின் உள்ளே பிரஷ் விட்டு, மெயினை அணைத்துச் சிவப்புக் கோட்டைச் சரிபார்க்கிறேன்.